பெரியப்பாவின் கையெழுத்து அட்டைகள்

என் எழுத்தைப் படிக்கப்போகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவன். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றும் இடம் மாறும். பேசவும் கூச்சம், எழுதவும் கூச்சம். இத்தனை வருடம் தள்ளிப்போட்டதற்கு அதுதான் காரணம்.

அப்பா கோலார் தங்க வயலுக்குச் சுரங்க வேலைக்கு வந்தது, குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "மண்ணுக்குள்ள பூந்து வேல செய்யப் போறியா? இனிமே எனுக்கு ஒரு எழுத்து எழுதாத" என்று சொல்லிவிட்டாராம். சுரங்கத்துக்கு வந்தது ஒன்றைத் தவிர அண்ணன் சொல்லை அப்பா தட்டியதில்லை. அதனால் எழுதவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெறும் தாளை மடித்து உறையில் போட்டு, ரிஜிஸ்டர் செய்து அனுப்புவார். பெரியப்பா வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட அட்டை, சில நாளில், சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைனில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும்.

"வெத்துக் காயிதத்துக்கு ரிஜிஸ்டரா? போஸ்டாபீசுல சிரிக்க மாட்டாங்க?" என்பாள் அம்மா.

"எழுதாதன்னுதான் சொன்னாரு. அனுப்பாதன்னாரா?" என்பார் அப்பா.

ஷிப்டு முடிந்து வந்து, கை கழுவிய பிறகே அட்டையைத் தொடுவார். கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுரங்கத்தில் வேலை நடந்த காலம் அது. காலியான மெழுகுவர்த்திப் பெட்டி ஒன்றில் அட்டைகளைச் சேர்த்து வைத்தேன். கோலிக்குண்டு எல்லாப் பையன்களிடமும் உண்டு. இது என்னிடம் மட்டும்தான். பதினொன்று சேர்ந்திருந்தன. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கும்.

பன்னிரண்டாவதில் கையெழுத்தே இல்லை. கறுப்பு மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. புது மாதிரி அட்டை! அப்பா வருவதற்குள் லைன் முழுக்கக் காட்டிவிட்டேன்.

அப்பா கை கழுவாமலே அதை வாங்கினார்.

"அண்ணன் கைநாட்டு வெக்கிற ஆளா? இன்னாவோ ஆயிட்ச்சி" என்றார் அம்மாவிடம். அட்டையை மடியில் செருகிக்கொண்டு, சாப்பிடாமலே மாரிக்குப்பத்துக்கு ரயிலேற நடந்தார். என் அட்டை போகிறதே என்று நான் அழுதேன்.

மூன்றாம் நாள் பெரியப்பாவோடு திரும்பினார். பெரியப்பாவின் வலது கை வாதத்தில் விழுந்து, கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. அவருடைய தகரப் பெட்டியிலிருந்து அம்மா வேட்டிகளை எடுத்தபோது, அடியில் எங்கள் உறைகள் இருந்தன. பன்னிரண்டு தாள்களும் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன.

"இன்னா மாமா, வெத்துக் காயிதத்தப் போயி வெச்சிகினு கீறீங்க?"

"உனுக்குப் படிக்கத் தெரியாது, போம்மா" என்றார் பெரியப்பா.

அம்மா சிரித்தாள். அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. பெரியப்பா இனி எங்களோடுதான் என்றால் அட்டை எங்கிருந்து வரும்?

"அவரு எப்பப்பா ஊருக்குப் போவாரு?" என்று அப்பாவிடம் கேட்டேன். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கொண்டுபோன அட்டையும் திரும்பி வராமல், பெட்டி பதினொன்றோடு நின்றுபோனது ஒன்றுதான் அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த குறை.

ஐப்பசி ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தேன்.