கிள்ளான் ஆற்றுச் சேற்றில் கிடைத்த மோதிரம்

கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலுக்கு நானும் ஜோசபின் அக்காவும் காத்திருந்தபோது ஞாயிற்றுக்கிழமை இன்னும் சரியாக விடியவில்லை. மலேசியாவில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுந்து வருகிறது. வந்து எட்டு மாதமாகியும் திருச்சிக்காரனான எனக்கு அது பழகவில்லை. அக்காவின் தோளில் கிரிக்கெட் மட்டை உறையைப் போல நீளமான ஒரு பை தொங்கியது. உள்ளே இருந்தது மண்ணுக்கடியில் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மெட்டல் டிடெக்டர்.

ஜோசபின் அக்கா அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடியில் எனக்கு மேல் மாடி. அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவராம். என் மனைவி இறந்த மறு வருடம் கம்பெனி மலேசியாவுக்கு ஆள் கேட்டது. திருச்சி வீட்டில் தனியாக இருக்க முடியாமல் கை தூக்கினேன். வாரநாட்களில் சுங்கை வே தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சோதிப்பது, சாயங்காலம் ஒரே கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று நாள் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, டெய்லி தனியா சாப்பிடுறீங்க. பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். சண்டே என்னதான் செய்வீங்க?"

"துணி துவைப்பேன்."

"அது ஒரு மணி நேரம் லா. மிச்சம்?"

பேச்சின் முடிவில் 'லா' சேர்ப்பது இங்கே எல்லாருக்கும் வழக்கம். அடுத்த ஞாயிறே உலோகம் தேட என்னை அழைத்துக்கொண்டு போனார். இது நான்காவது பயணம். கிள்ளானுக்கு முதல்.

பயணச்சீட்டு ஐந்து ரிங்கிட்டுக்கும் குறைவு. பெட்டியில் குளிர் எலும்பு வரை இறங்கியது. பந்தாய் டாலாம், பெட்டாலிங் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஸ்ரீ செத்தியா நிலையத்தில் ரயில் நின்றபோது என் தொழிற்சாலையின் பக்கமாக எட்டிப் பார்த்தேன். பலகையில் இந்தப் பெயர் இருந்தாலும் அந்த வட்டாரத்தைத் தமிழர்கள் சுங்கை வே என்றேதான் சொல்கிறார்கள். ஷா ஆலம் தாண்டியதும் கட்டடங்கள் தணிந்து வானம் பெரிதானது. கிள்ளான் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

நிலைய வாசலில் ரகு வேனோடு நின்றார். பண்டமாரானில் குடியிருக்கும் லோரி ஓட்டுநர். நாற்பது வயது இருக்கும், வாய் ஓயாத மனிதர். டிடெக்டர் பைத்தியத்தை அக்காவுக்குத் தொற்ற வைத்தவரே அவர்தான். எனக்கும் ஒரு கருவி இரவல் கொண்டு வந்திருந்தார்.

"அண்ணே, பூட்ஸ் சைஸ் எட்டா ஒன்பதா? செருப்போட எறங்குனா சேறு செருப்ப விடாது லா."

நிலையத்துக்குப் பக்கத்திலேயே பரோட்டா போன்ற ரொட்டி சானாயும், நுரைக்க ஆற்றிய டீயான தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஆற்றை ஒட்டிக் கால் மணி நேரம் உள்ளே போனதும் மூடிக் கிடக்கும் ஒரு பழைய சரக்குக் கிடங்கு வந்தது. அதன் பின்புறம்தான் நாங்கள் தேடி வந்த இடம். நிலம் ரகுவின் தவ்க்கேயினுடையது. முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அவரிடம் அனுமதி வாங்கியிருந்தோம். பழங்காலப் பொருள் எது கிடைத்தாலும் அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஜோசபின் அக்காவின் கண்டிப்பான விதி.

ஆற்றின் முகத்துவாரத்துக்குத் துறைமுகம் இடம் மாறுவதற்கு முன்பு, கப்பல்கள் ஆற்றுக்குள்ளேயே வந்து சரக்கு இறக்கிய காலத்தில், இதுவும் ஒரு படகுத்துறையாக இருந்ததாம். இப்போது மிஞ்சியிருப்பது சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கறுத்த மரக்கால்கள் மட்டும். அவற்றுக்கு மேலே பிற்காலத்தில் கட்டிய சிமெண்ட் மேடை ஒன்று பாதி உடைந்து நின்றது. கிள்ளான் ஆறு அந்த இடத்தில் கடலுக்குக் கட்டுப்பட்டது. கடல் ஏறினால் ஆறும் ஏறும், இறங்கினால் இறங்கும். நாங்கள் போனபோது நீர் வெகுதூரம் வடிந்து சாம்பல் நிறச் சேறு மினுங்கியது. அக்கரையில் நிப்பா பனை ஓலைகளுக்கு நடுவே ஒரு உடும்பு அசையாமல் கிடந்தது.

டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஊரில் உள்ளவர்கள் கேட்பதுண்டு. நீண்ட தடியின் நுனியில் தட்டுப் போல ஒரு வளையம். அதைத் தரைக்குச் சற்று மேலே இடமும் வலமுமாக வீசிக்கொண்டே மெல்ல நடக்க வேண்டும். உலோகம் இருந்தால் காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் ஒலிக்கும். இரும்புக்குக் கரகரப்பு, செம்புக்கும் வெள்ளிக்கும் கணீரென்று ஒரு கூவல். ஒருவர் கருவியின் ஒலி மற்றவருடையதில் கலக்கும் என்பதால் தள்ளித் தள்ளித்தான் நிற்க வேண்டும். ஆகவே நண்பர்களோடு போனாலும் காலை முழுதும் காது அடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டி நடப்பதுதான் இந்த விளையாட்டு. எனக்கு அது பொருந்தியது. பேச வேண்டியதில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பேர் இருந்தார்கள்.

முதல் இரண்டு மணி நேரத்தில் பாட்டில் மூடிகள், துருப்பிடித்த நீளமான ஆணிகள், குளிர்பானத் தகரத்தின் வளையங்கள். ரகு மட்டும் ஒரு முறை கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தோம். பிரிட்டிஷ் ராணியின் தலை தேய்ந்துபோன பழைய செம்புக் காசு. அருங்காட்சியகத்துக்குக் காட்ட அக்கா அதை அது கிடந்த குழியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்.

பத்தரை மணி இருக்கும். மேடைக்கு அடியில், மரக்கால் ஒன்றின் பக்கத்தில் என் கருவி தாழ்ந்த குரலில் ஒலித்தது. இன்னொரு மூடி என்றுதான் நினைத்தேன். கையளவு ஆழத்தில் விரலில் தட்டுப்பட்டது ஒரு மோதிரம். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவியதும் மஞ்சளாகச் சிரித்தது. தங்கத்துக்குச் சேறும் ஒன்றுதான், பெட்டியும் ஒன்றுதான். உள்பக்கத்தில் ஆங்கில எழுத்தில் இரண்டு பெயர்கள் பொறித்திருந்தன: பிலிப், ஸ்டெல்லா.

"கல்யாண மோதிரம்," என்றார் அக்கா. "நம்ம மாதா கோயில் ஆளுங்கதான். பேரப் பார்த்தாலே தெரியுது."

"இவ்ளோ பெரிய ஊர்ல ஸ்டெல்லாவ எங்க போய்த் தேடுறது?" என்றார் ரகு. "தவ்க்கேகிட்ட குடுத்துடுவோம், அவர் பார்த்துக்கட்டும்."

"இல்ல. அவங்கள கண்டுபிடிச்சுத்தான் ஆகணும்," என்றேன் நான். வழக்கத்தைவிட உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அக்காவின் சித்தப்பா மகள் ஒருவர் கிள்ளானில் தேவாலயப் பாடகர் குழுவில் நெடுங்காலம் இருந்தவர். கிடங்குச் சுவரின் நிழலில் நின்று அவரை போனில் அழைத்தார் அக்கா. கொஞ்ச நேரம் "ஆமா, ஆமா" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் மலர்ந்தது.

"இருக்காங்களாம்! இதே கிடங்குல பாக்கிங் வேலை பார்த்த ஸ்டெல்லா. இப்போ பண்டமாரான்ல, நம்ம ரகு வீட்டுக்கு ரெண்டு ரோடு தள்ளி."

"பிலிப்?" என்று கேட்டேன்.

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லல. 'போய்ப் பாருங்க'ன்னு மட்டும் சொன்னா."

பண்டமாரான் அங்கிருந்து அரை மணி நேரம். வழி நெடுகக் கண்டெய்னர் லோரிகள். நான் சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே வந்தேன். சுவரில் மாலை போட்ட படம், அதன் கீழே ஒரு வயதான பெண், வேலை செய்யும்போது விரலிலிருந்து நழுவிய மோதிரத்துக்காக அவர் அழுத அழுகை என்று எல்லாவற்றையும் நானே கற்பனை செய்து முடித்திருந்தேன். மோதிரத்தை நீட்டும்போது என்ன சொல்வது என்பதுகூடத் தயாராக இருந்தது.

வரிசை வீடுகளில் ஒன்று. வாசலிலேயே, சோமாசி போல மடித்துப் பொரிக்கும் கறிபஃப்பின் வாசனை. அறுபதைத் தாண்டிய, நல்ல உயரமான பெண்மணி, மாவு படிந்த கையோடு வந்து கதவைத் திறந்தார். ரகுவின் முகம் அவருக்குத் தெரிந்திருந்தது; ரகுவுக்கோ அவர் அதுவரை பெயர் தெரியாத கறிபஃப் ஆன்டி.

"நீ லோரி ரகு தானே? என்னப்பா, ஆர்டரா? இன்னிக்கு ஃபுல்லு."

"ஆர்டர் இல்ல ஆன்டி. ஒரு பொருள் கிடைச்சுது. உங்களுதான்னு பாருங்க."

நான் மோதிரத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"எங்க கிடைச்சுது?"

"கிடங்குக்குப் பின்னால, ஆத்துச் சேத்துல," என்றார் அக்கா.

"அங்கதான் கிடைக்கும். நான்தானே போட்டேன்."

அவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்காரரு வேலைன்னு ஈப்போ போனாரு. அங்கயே இன்னொரு குடும்பம். எனக்குத் தெரியுறதுக்கு முன்னாலயே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. ஒரு நாள் லஞ்ச் டைம்ல பின்னால போனேன், கழட்டிப் போட்டேன், வந்து மறுபடியும் பொட்டி கட்டுற வேலையப் பார்த்தேன். செத்துப் போயிருந்தா கழட்டியிருக்க மாட்டேன். நல்லாத்தான் இருக்காரு, பேரப்பிள்ளைங்களோட." அவர் குரலில் கோபம் இல்லை. "இத இங்க கொண்டு வரணும்னு யாரு சொன்னது?"

அக்காவும் ரகுவும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தாம்மா. மன்னிச்சுக்குங்க."

"மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு? ஏன்னுதான் கேக்குறேன்."

"என் மனைவி இறந்துட்டாங்க. அவங்களோட பொருள் ஏதாவது ஒண்ண யாராவது இப்படிக் கொண்டு வந்து கையில குடுத்தா..."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு மோதிரத்தை விரலில் போட்டுப் பார்த்தார். அது நடுக்கணுவைத் தாண்டவில்லை.

"அப்போ ஒல்லியா இருப்பேன் லா," என்று சிரித்தார். கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரகுவிடம் கேட்டார்: "இப்போ தண்ணி ஏறியிருக்குமா?"

"ஏறிக்கிட்டிருக்கும் ஆன்டி. சாயங்காலத்துக்குள்ள மேடை வரைக்கும் வரும்."

"அப்போ என்னையும் கூட்டிட்டுப் போங்க. இந்த ஆர்டர மட்டும் குடுத்துட்டு வந்துடுறேன். அன்னிக்கு யாராவது பார்த்துடுவாங்கன்னு பயந்து பயந்து போட்டேன். இன்னிக்கு நாலு பேரு பார்க்கட்டும்."

நாங்கள் மூன்று பேர்தான் என்று ரகு சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் காலை மிதித்தார்.

திரும்பிப் போனபோது காலையில் நாங்கள் தோண்டிய குழிகள் எவையும் இல்லை. சேறு முழுவதும் ஆற்றுக்கடியில் போயிருந்தது. பழுப்பு நீர் மரக்கால்களைச் சுற்றிக்கொண்டு, கடலிலிருந்து ஊரை நோக்கி மேலேறிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அம்மா ஜோசபின் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு உடைந்த மேடையின் ஓரம் வரை நடந்தார். ஜெபம் எதுவும் சொல்லவில்லை. கையை நன்றாக வீசி எறிந்தார். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அவர் தோள்கள் ஒரு முறை குலுங்கின. அக்கா அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"ஆன்டி, இனிமே இந்தப் பக்கம் மெஷினே போட மாட்டோம்," என்றார் ரகு.

"போடுப்பா. கிடைச்சா என்கிட்ட மட்டும் கொண்டு வராத லா."

முதலில் சிரித்தவர் அவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அந்த மேடையிலேயே உட்கார்ந்து நான்கு பேரும் கறிபஃப் சாப்பிட்டோம். உருளைக்கிழங்கில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

ஜோசபின் அக்கா இரவு அந்தச் சித்தப்பா மகள் வீட்டில் தங்குவதாகச் சொன்னார். என்னைக் கிள்ளான் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். வேன் கதவை மூடப் போனபோது ஸ்டெல்லா அம்மா உள்ளேயிருந்து கேட்டார்:

"உங்க வீட்டம்மா பேரு என்ன?"

"வசந்தி."

"வசந்தி," என்று அவரும் ஒரு முறை சொன்னார். "நல்ல பேரு."

வேன் போய்விட்டது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது நடைமேடையில் நிற்கும்போதுதான் உறைத்தது. மனைவி இறந்துவிட்டாள் என்று அலுவலகத்தில் தெரியும், ஜோசபின் அக்காவுக்கும் தெரியும். பெயர் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

திருச்சியில் அவள் அஸ்தியைக் கரைத்தது ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில். என் பக்கத்துச் சொந்தம், அவள் பக்கத்துச் சொந்தம், புரோகிதர், பூக்காரிகள், குளிக்க வந்த கூட்டம். எப்போது குனிய வேண்டும், எப்போது மூழ்கி எழ வேண்டும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். என் தோளில் ஏதாவது ஒரு கை இருந்துகொண்டே இருந்தது. அடுத்த வாரம் வீட்டில் யாரும் இல்லை. ஸ்டெல்லா அம்மாவுக்கு அந்த ஒரு கூட்டமும் கிடைக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து மோதிரத்தைப் போட்டுவிட்டு, மறுபடியும் வேலைக்குப் போயிருக்கிறார். இரண்டில் எது பாரம் என்று எடை போட எனக்குத் தெரியவில்லை.

ரயில் வந்தது. ஞாயிறு மாலையில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகிறவர்கள் குறைவு போலும். நான் ஏறிய பெட்டியில் யாருமே இல்லை. பூட்ஸைக் கழற்றியும் கால்விரல்களுக்கிடையே சேறு காய்ந்து இழுத்தது. கதவுகள் மூடிக்கொண்டன. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்தப் பெயரை இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகவே, சொல்லிப் பார்த்தேன்.