வாசலில் வெர்டல் நார்சிஸ்

என் அப்பாவின் முகத்தை நான் கடைசியாக ஒரு தடவை பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் வெர்டல் நார்சிஸ். பல வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போதும் சொல்வேன்.

அப்பாவின் சாவுச் சடங்கு அன்றைக்குக் கரும்பாலையில் எனக்கு மாற்று ஆள் வரத் தாமதமாகிவிட்டது. ஆலயத்துக்கு ஓடி வந்தபோது உள்ளே ஜெபம் தொடங்கியிருந்தது. கதவருகே, வாசல் ஊழியக்காரிகளின் வெள்ளை உடுப்பில் அந்தம்மா நின்றார். இடது கை முதுகுக்குப் பின்னால். வெள்ளை உறை மாட்டிய வலது கை என் நெஞ்சுக்கு நேரே. அது என் மேல் படக்கூட இல்லை. ஆனால் அதைத் தாண்டிப் போகிற துணிச்சல் எங்கள் ஊரில் எவனுக்கும் கிடையாது. ஜெபம் நடக்கும்போது யாரும் உள்ளே நடக்கக் கூடாது. உள்ளே கிடப்பது என் அப்பா என்று முணுமுணுத்துப் பார்த்தேன். கை அசையவில்லை. எங்கள் போதகர் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். ஒருவழியாக அவர் ஆமென் சொன்னபோது பெட்டியையும் மூடிவிட்டார்கள்.

மிசிசிப்பி ஆற்றின் கரைமேடு ஒரு பக்கம், கரும்புக் காடு ஒரு பக்கம், நடுவில் நாங்கள். எங்கள் கறுப்பு ஜனம் அடிமையாகக் கரும்பு வெட்டிய காலத்திலிருந்து அதே மண். வடக்கே, மரங்களுக்கு மேலே, ரசாயனக் கம்பெனியின் புகைக்குழாய்கள்.

வாரநாளில் அந்தம்மாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறை. திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்ஸும் சோறும். தட்டில் மிச்சம் வைத்த பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே செய்தி போய்விடும். சனிக்கிழமை, வாசல் ஊழியம் செய்யும் பெண்கள் எல்லாருடைய கையுறைகளையும் தன் வீட்டில் துவைத்துக் கொடியில் போடுவார். சாலையில் போகும்போது பார்த்தால் ஆளில்லாத கைகள் வரிசையாக ஆடும். அவற்றின் விரல்கள் ஆலயத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றால் காற்று கம்பெனியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். உடனே ஜன்னல்களைச் சாத்துவார், பக்கத்து வீடுகளுக்கும் குரல் கொடுப்பார்.

எங்களுக்கு அது வேடிக்கை. "மிஸ் வெர்டல், உங்க கைங்க இன்னிக்கு எந்தப் பக்கம் காட்டுது?" என்று வண்டியிலிருந்தபடி கேட்பேன்.

"உன் பக்கம்தான் காட்டுது, அல்சீ. போய்க் குளி."

செவ்வாய் மாலைகளில் காலி ஆலயத்தில் அந்தப் பெண்களுக்குப் பயிற்சி. தலை பின்னிவிடும் ஒடீல், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் கெசியா, இன்னும் சிலர். எல்லாரும் பகல் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். அங்கேயும் நின்றார்கள். ஒரு வார்த்தை பேசாமல், கையாலேயே ஜனத்தை எழுப்புவது, நிறுத்துவது, வரிசை வரிசையாகக் காணிக்கைக்கு நடத்துவது. ஒரு விரல் தப்பினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வைப்பார். எந்தச் சண்டைக்கு இந்தப் பட்டாளம் என்று நாங்கள் சிரித்தோம்.

அந்த வருஷம் வசந்தத்தில் மக்னோலியா மரங்களின் இலைகள் வடக்குப் பக்கம் மட்டும் கருகின. சாக்கடைத் தவளைகள் ஓய்ந்தன. கம்பெனி ஆட்கள் கூட்டம் போட்டு, ஏதாவது என்றால் சங்கு ஊதும், பயப்பட வேண்டாம் என்றார்கள். சங்கு ஊதுகிறவன் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று மிஸ் வெர்டல் எழுந்து கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். எங்களில் சிலரும் சிரித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடைசி வரிசையில், அவர் காவல் நிற்கும் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போதகர் ஜெபத்தில் இருந்தார். வெளியே விடாமல் குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று நின்றது. மிஸ் வெர்டல் கதவை ஒரு கீற்று திறந்து பார்த்தார். உடனே மூடினார். அதற்குள் என் மூக்கில் ஏறிவிட்டது. ப்ளீச் ஊற்றிய சலவைத் தொட்டியில் தலையை விட்டது போன்ற நெடி.

பிறகு அவர் நடந்தார். ஜெபத்தின் நடுவில், நடுப்பாதையில். அந்தச் செருப்புச் சத்தத்துக்கு ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. போதகர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். மிஸ் வெர்டல் ஜெபத்தில் நடக்கிறார் என்றால் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பீடத்துக்கு முன்னால் திரும்பி நின்று கையை உயர்த்தினார். எழுந்தோம். கை ஆற்றுப் பக்கக் கதவைக் காட்டியது. பெண்கள் அவரவர் இடத்தில் கை நீட்டினார்கள். கார் முன்னால்தான் நிற்கிறது என்று ஒருவன் சாவியோடு முன்வாசலுக்குப் பாய்ந்தான். கெசியாவின் கை அவன் நெஞ்சுக்கு நேரே போனது. நின்றுவிட்டான். ஜன்னல் வழியாக எல்லாரும் பார்த்தோம். மஞ்சளும் பச்சையுமாக ஒரு மூட்டம் சாக்கடையை நிரப்பி, சாலையில் ஏறி, கார்களின் கதவு உயரத்துக்குக் கிடந்தது. அவசரமே இல்லாமல் எங்களை நோக்கி வந்தது.

யாரும் ஓடவில்லை. காணிக்கைக்குப் போவது போல வரிசை வரிசையாக வெளியே போய்க் கரைமேட்டில் ஏறினோம். ஒற்றைக்கால் கிழவர் பிளாசிடை நான் தோளில் போட்டுக்கொண்டேன். மேலேறித் திரும்பினால், அந்தம்மா இன்னும் ஆற்றுப் பக்கக் கதவில். இடது கை முதுகுக்குப் பின்னால். பாடகர் குழுவில் கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான் கதவை விட்டு நகர்ந்தார். முழங்கால் வரை மூட்டம்.

நாங்கள் எல்லாரும் மேட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது.

அன்றைக்கு ஒரு பிணம்கூட விழவில்லை. கசிந்தது கொஞ்சம்தான் என்றது கம்பெனி. மிஸ் வெர்டலின் நெஞ்சுக்கு அந்தக் கொஞ்சம் போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூட வேலை போனது. கதவில் கெசியா நின்றார். ஒடீல் வாரா வாரம் வந்து படுக்கையிலேயே தலை பின்னிவிட்டுக் கையுறைகளையும் துவைத்துப் போட்டாள்.

கடைசியாக நான் பொரித்த மீன் கொண்டுபோனேன். மூக்கில் குழாயோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் சாவுச் சடங்குக்குக் கதவுல நீ நிக்கணும், அல்சீ."

அது பொம்பளைகள் பார்க்கிற வேலை என்றேன்.

"உன் கை அளவுக்கு ஒடீல் உறை வாங்கிட்டா. பெரிய கைடா உனக்கு. கடை கடையா அலைஞ்சா."

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. "எங்கப்பாவைப் பாக்க விடல நீங்க."

"விடல." மூச்சு வாங்கினார். "இன்னிக்கு வந்தாலும் விடமாட்டேன். உனக்காக அன்னிக்குக் கைய எறக்கியிருந்தா, கெசியா கைக்கு எவன்டா நின்னிருப்பான்?"

ஜன்னலுக்கு வெளியே கொடியில் கையுறைகள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். விரல்கள் எல்லாம் ஆலயத்தின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

"ஜெபம் நடக்கறப்ப எல்லாரும் கண்ண மூடிப்பாங்க," என்றார். "நீ மூடாத. என் பெட்டியப் பாத்தும் நிக்காத. வெளிய பாத்து நில்லு."