இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுத்தருகிற அந்தப் பெண்ணின் இருக்கைக்குக் கீழே இன்னொரு பிரேக் உண்டு. ஓட்டுபவர் தடுமாறினால் அவள் கால் முந்திக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவில்லை.

வீட்டில் மகள் புத்தகத்தைத் திறந்தாலும் அதே வேகம்தான். பிள்ளை முதலெழுத்தில் திக்குவதற்குள் முழுச் சொல்லையும் சொல்லிவிடுவாள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்தாள், நூலகத்துக்கு அழைத்துப்போனாள், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. பிள்ளையோ வரவர எழுத்தை விட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தது. பிறகு வாயையே திறப்பதில்லை.

"உன்கிட்ட கார் கத்துக்கறவங்க கொடுத்துவச்சவங்க. அவங்களையாவது ஸ்டியரிங்கைப் பிடிக்க விடறே," என்பான் கணவன்.

"சிரிங்க. அவளைக் கீழ் வகுப்புல கொண்டுபோய் உட்கார வச்சா, அப்பவும் சிரிங்க."

அது வெறும் பேச்சில்லை. ஒரு பக்கம் தானாக வாசித்துக் காட்டாவிட்டால் கீழ் வகுப்புதான் என்று ஆசிரியை சொல்லியாகிவிட்டது. இன்று வாசிக்க வேண்டும். அம்மாவும் உடன் இருக்கலாம்.

இருவரும் பள்ளித் தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள்.

"அம்மா, நீ வெளியவே இரேன்," என்றாள் மகள்.

"ஏன்டி? பக்கத்துல இருந்தா உனக்குத் தைரியமா இருக்கும்ல?"

"நான் திணறினா உன் கால் தரையை அழுத்துது. உடனே நான் நின்னுடறேன்."

அதற்குள் கதவு திறந்தது. ஆசிரியை இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

கலங்கரைவிளக்கத்தில் ஏறிவிட்ட ஓர் ஆட்டின் கதை. முதல் இரண்டு வரி நொண்டி நொண்டிக் கடந்தது. மூன்றாவதில், "ஆடு கலங்..."

அம்மாவின் வலது கால் தரையை மிதித்தது. பிள்ளையின் கண் மேஜைக்கடியில் போனது, குரல் அறுந்தது.

ஆசிரியை பேனாவைத் திறந்தார்.

சொல் அம்மாவின் நுனிநாக்கில் நின்றது. நடுச்சந்தியில் வண்டி அணைந்து, பின்னால் நிற்பவர்கள் ஹாரனை அலறவிட்டாலும், "அவங்க கிடக்கட்டும், நீங்க மெதுவா ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்கிறவள்தான் அவள். இங்கே அந்தப் பொறுமை எங்கே போனதோ தெரியவில்லை. சட்டென்று செருப்பைக் கழற்றினாள். இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

ஆசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மகளுக்குச் சிரிப்பு வந்தது, விழுங்கிக்கொண்டு குனிந்தாள்.

"கலங்கிய..."

தப்பு. அம்மா முழங்காலை இறுகப் பிடித்தாள். மூச்சுகூட விடவில்லை.

"இல்ல. கலங்... கரை. கலங்கரைவிளக்கத்தில் ஏறியது."

அதன்பிறகு இரண்டு இடத்தில் நின்றாள், ஒரு வரியைத் தாண்டிவிட்டுத் தானே திரும்பி வந்தாள். பக்கத்தின் கடைசிக்கு வருமுன்பே ஆசிரியை, "போதும்மா. இந்த வகுப்பிலேயே இரு," என்றார்.

"ஆடு கீழ இறங்கிச்சான்னு பாத்துடறேன் டீச்சர்," என்று பிள்ளை பக்கத்தைப் புரட்டியது.

அம்மா காலை இறக்கப் பார்த்தாள். இரண்டும் மரத்துப்போயிருந்தன.