தேநீர் நேரத்தில் ஒரு ‘திரும்பி வா’

அழுவது மாதிரி பாடத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். நிஜமாக அழுதால் பாட்டு நின்றுவிடும். கல்யாண வீட்டிலும் கோயிலிலும் மைக் பிடித்துத் தொண்டை கட்டிப்போனவர்களே, இந்தத் தொல்லை உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

நுவரெலியாவுக்குப் போகும் வழியில் ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். பின்னேரம் வெள்ளைக்காரர்கள் புல்வெளியில் தேநீர் குடிக்கும்போது, நான் கோட்டு மாட்டிக்கொண்டு பாடுவேன். எல்லாம் இத்தாலியில் நேப்பிள்ஸ் என்கிற துறைமுக ஊரின் காதல் பாட்டுகள். ஆண் குரல்களில் உச்சத்துக்கு ஏறுகிற குரலை டெனர் என்பார்கள். லிந்துலை மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தபோதே எனக்கு அது வாய்த்துவிட்டது. மிச்சத்தை ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

வயிற்றுவலிக்காரன்

இந்தப் பாட்டுக்கு நெஞ்சு மூச்சு உதவாது. மூச்சு அடிவயிறு வரை இறங்க வேண்டும், விலா விரிய வேண்டும், தோள் அசையவே கூடாது. கொட்டாவி விடும்போது தொண்டை திறக்குமே, அப்படித் திறந்து வைத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். நாங்கள் இருப்பது லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீட்டில். அங்கே இதைப் பழக முடியுமா? இந்த அறையில், காம்பிரா என்போம், இருமினால் அடுத்த காம்பிராவில் பிள்ளை எழும்பிவிடும். அதனால் தேயிலை மலைக்குள் போய் நிற்பேன். யாராவது வருகிறார்களா என்று பார்க்க என் மனைவி ரீட்டா கூட வருவாள். பார்க்க வந்தவள் சிரித்தே என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவாள்.

ஒரு நாள் வயிற்றில் இரண்டு கையையும் அழுத்திக்கொண்டு உச்சத்தில் நிற்கிறேன், கொழுந்துக் கூடையோடு அஞ்சலை அக்கா வந்துவிட்டார். என்னைப் பார்த்துப் பதறிப்போய்ச் சொன்னார்: “அட சேவியரு, வயித்துவலின்னா ஆஸ்பத்திரிக்கு ஓடுப்பா! ஏன் தேயிலைக்குள்ள நின்னு கத்துற?”

கேக்கும் கண்ணீரும்

லயத்தை விட்டுச் சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்று ரீட்டா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம். இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவுதான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. காலையில் அவளைக் கொழும்பு பஸ் ஏற்றிவிட்டு, பின்னேரம் வேலைக்குப் போனேன். அன்றைக்கென்று பார்த்து, விட்டுப் போகிறவளைத் திரும்பி வா என்று கெஞ்சுகிற பாட்டுத்தான் முதலில்.

கண்ணில் தண்ணீர் வந்தால் தொண்டை இறுகிவிடும், குரலுக்கு வழியே இருக்காது. உச்சத்துக்குப் போகிற இடத்தில் குரல் உடைந்து நின்றது. ஒரு வெள்ளைக்காரம்மா எழுந்து வந்து கைக்குட்டை கொடுத்தார். சிங்களக்கார மெனேஜர் மாத்தயா என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், கோபமில்லாமல்தான் சொன்னார்: “சேவியர், நீங்க இப்படி அழுதா அவங்க எப்படி கேக் சாப்பிடுறது?”

நேப்பிள்ஸ்காரம்மா

அதற்குப் பிறகுதான் அழுகையைத் தொழிலாகப் படித்தேன். சுரத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் குரலில் ஒரு சின்ன விக்கல் கொடுக்க வேண்டும். உடனே அடிவயிற்றால் மூச்சைத் தாங்கிக்கொள்ள வேண்டும். கேட்கிறவர்களுக்கு நெஞ்சு பிளக்கும், நம் கண் காய்ந்தே இருக்கும். ஐயோ, அதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் ஆகிவிட்டேன்! ரீட்டாவை நினைத்துக்கொண்டேதான் பாடுவேன், ஆனால் மூச்சு ஒரு இடத்திலும் தளராது.

ஒரு பின்னேரம் நேப்பிள்ஸ் ஊர்க்காரம்மா ஒருவரே வந்திருந்தார். பாட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்து, யாரை நினைத்துப் பாடினாய் என்று கேட்டார். கூட வந்த கைட் தம்பிதான் இடையில் மொழிபெயர்த்தான். குவைத்தில் இருக்கிற மனைவியை என்றேன். அவளுக்கு எங்கள் பாஷை புரியுமா என்றார். புரியாது என்றேன். அந்தம்மா அதற்குச் சொன்னதைத் தம்பி அப்படியே தமிழில் சொன்னான்: “எனக்கு நல்லா புரியுது. ஆனா நான் உன்னை விட்டுட்டு எங்கேயும் போகலையே, மகனே.”

ஃபோனுக்குப் பிடிக்காத சுரம்

ஒப்பந்தம் முடிகிற சமயம் ரீட்டா வீடியோவில் கூப்பிட்டாள். வேலை செய்கிற வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறாராம். “என்னங்க செய்ய?” என்றாள். ‘வந்துடு புள்ள’ என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வீடு அரைச் சுவரில் நிற்கிறது. இப்போது வா என்றால் பொறுப்பில்லாத மனுசன் என்று நினைப்பாளோ என்று ஒரு பாழாய்ப்போன கூச்சம். “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டேன். பிறகு மனசு கேட்காமல், “இரு, ஒரு பாட்டு கேளு” என்று அதே ‘திரும்பி வா’ பாட்டை எடுத்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு மாதிரி நான் ஒரு நாளும் பாடியதில்லை. உச்சத்தைப் பிடித்து நீட்டினேன். ஆனால் நீளமாக ஒரே சுரம் வந்தால் இந்த ஃபோன் அதை இரைச்சல் என்று நினைத்து அடைத்துவிடுமாம். எனக்கு எங்கே தெரியும்! முடித்துவிட்டு ஆவலாகப் பார்த்தால், ரீட்டா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அவள் சொன்னது இதுதான்: “வாயத் தொறந்துகிட்டே நிக்கிறீங்க, சத்தமே வரலியேங்க! மூச்சு இழுக்குறது மட்டுந்தான் கேக்குது.”

கையெழுத்து

அடுத்த வாரம், கோட்டு மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற நேரம் மறுபடி கூப்பிட்டாள். இன்னும் இரண்டு வருடத்துக்கு நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். “அந்தப் பாட்டுல நான் என்ன சொன்னேன்னு தெரியுமா புள்ள? திரும்பி வான்னுதான் சொன்னேன்” என்றேன்.

ரீட்டா மெதுவாகச் சொன்னாள்: “அத நம்ம பேச்சுல சொல்லியிருக்கலாமேங்க. நீங்க வான்னு சொல்லுவீங்கன்னுதான் நான் ஒரு வாரமா கையெழுத்துப் போடாம இருந்தேன்.”

மலையே கேட்க ‘திரும்பி வா’ என்று பாட மூச்சுப் பிடித்துப் பழகியவனுக்கு, அதைப் பெண்டாட்டியிடம் மெதுவாகச் சொல்ல மட்டும் மூச்சு பத்தாமல் போய்விட்டது, போங்கள்.