காற்றை அளந்து பிழைப்பவன்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளந்து, யாருக்கும் பிடிக்காத அறிக்கையாக எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். ஆபீஸ், ஆலை, தொழிற்சாலை என்று மலேசியாவின் கெடா மாநிலம் முழுக்கச் சுற்றி, அங்கே வேலை செய்பவர்களின் மூச்சில் என்ன கலக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏர்கோண் குளிரில் தும்மிக்கொண்டே இதைப் படிக்கும் சக துன்பவாசிகளே, உங்களைக் காப்பாற்ற வந்தவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கு நான் மூச்சு விடுவதே உங்களைப் போன்ற ஒருவர் போட்ட பிச்சை.

வெள்ளிக்கிழமைப் புகை

சுங்கைப் பட்டாணியில் ஒரு லாரி கம்பெனி ஆபீஸ். அங்கே எல்லாருக்கும் அடிக்கடி தலைவலி என்று என்னைக் கூப்பிட்டார்கள். வியாழன் வரை என் கருவி வாயே திறக்கவில்லை. வெள்ளி காலையில் எண் மளமளவென்று ஏறியது. எட்டிப் பார்த்தால், கிளார்க் சரோஜா அக்கா கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, ஏர்கோண் ஓட ஓட, மேசை மேசையாகச் சாம்பிராணி காட்டிக்கொண்டு வருகிறார்.

சாமி விஷயத்தில் வாய் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். தொண்டையைச் செருமிச் செருமி, கடைசியில் தலைவலிக்கு இந்தப் புகைதான் காரணம் என்று சொல்லிவிட்டேன். அக்கா கருவியைப் பார்த்தார், கையிலிருந்த தூபக்காலைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "சாமி வாசல் வழியாத்தானே தம்பி உள்ள வருது? அங்கயே காட்டிடுறேன் லா."

மூடி வைத்த பம்ப்

குருணில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலை. வேலையாளின் இடுப்பில் காற்றை உறிஞ்சும் சின்ன பம்ப் ஒன்றை மாட்டி, அதன் குழாயைச் சட்டைக் காலரில் செருகிவிடுவோம். அவர் மூச்சில் போகும் தூசி அதிலுள்ள ஃபில்டரிலும் படியும். மரம் தேய்க்கும் ஸ்டெல்லாவுக்கு மாட்டிவிட்டு, "விலை கூடின சாமான், பத்திரம்மா" என்று சொல்லிப் போனேன்.

சாயங்காலம் ஸ்டெல்லாவின் புருவமெல்லாம் மரத்தூள். ஃபில்டரோ வெள்ளை வெளேரென்று புதுசாக இருக்கிறது! குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குமேல் ரப்பர் பேண்ட். ஒரு நாள் வேலை பாழ். எரிச்சலோடுதான் ஏன் என்று கேட்டேன். அவள் பதிலைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் மூக்கை மூட ஒரு நல்ல முகக்கவசம் கூட அங்கே இல்லை, நானும் காலையில் மெஷினைப் பற்றித்தான் கவலைப்பட்டிருந்தேன். மறுநாள் திரும்ப அளந்து, முகக்கவசமும் தூசி உறிஞ்சும் குழாயும் வேண்டுமென்று எழுதினேன். இரண்டும் வந்தன. அவற்றை எழுத வைத்தது அவள் சொன்ன இந்தப் பதில்தான்: "ஒங்க மிஷின்ல தூசி போனா கெட்டுடும் இல்லண்ணே, அதான் மூடி வெச்சேன். பாவம், நீங்க வேலைக்குப் போகணும்ல?"

வாடை போன பிறகு

பாடாங் மேஹா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அங்கே கழிவுத் தொட்டியைக் கழுவ ஆள் இறங்குமுன் காற்றைச் சோதித்துச் சொல்ல வேண்டும். தொட்டிக்கு வெளியே காவல் நிற்பவர் முருகையா அண்ணன். அதிகம் பேசமாட்டார். அவர் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. கருவி காரிலேயே இருந்தது. எடுக்கப் போவதற்குள் நாற்றம் சட்டென்று நின்றுவிட்டது. "காத்து மாறிடுச்சுண்ணே" என்று பெரிய மேதாவியாகச் சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்க்கக் குனிந்தேன்.

பின்னாலிருந்து யாரோ என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்கள். மல்லாக்க விழுந்தேன். முருகையா அண்ணன் என்னைத் தரதரவென்று இழுத்துப்போய்த் தூரத்தில் உட்கார வைத்தார். காரிலிருந்து கருவியை எடுத்து வந்து, தள்ளி நின்றே கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார். அது இறங்கிய வேகத்தில் விஷவாயு என்று வீலென்று கத்த ஆரம்பித்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த ஆலையில் நான் முன்பு எடுத்த பாதுகாப்பு வகுப்பில் கடைசி வரிசையில் முழு நேரமும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இவர்தான். "வாடை நின்னுடுச்சுன்னா காத்து சுத்தமாயிடல, மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

அன்றிலிருந்து என் வகுப்பில் யார் தூங்கினாலும் நான் எழுப்புவதில்லை. அவர்களில் யாருக்கு என் பெல்ட்டைப் பிடித்து இழுக்கும் யோகம் இருக்கிறதோ, யார் கண்டது.