மலாய் தெரிந்தவள்

எங்கள் வீட்டில் மலாய் மொழிக்கு நான்தான் அதிகாரி. சந்தையில் பேசுகிற பசார் மலாய் எல்லாருக்கும் வரும். விண்ணப்பப் பாரம் நிரப்புகிற, கடிதம் படிக்கிற மலாய் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கொஞ்சம் என்பது பொய்.

அந்த வருடம் அப்பாவின் அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்று, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை இடித்ததும், அப்பா அத்தையைக் கையோடு அசாம் ஜாவாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். மூன்று வாரமாகச் சோறும் இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டார். இனிப்பு நீர் வியாதியாக இருக்கும் என்றார் அப்பா. கண் பட்டுவிட்டது என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார். கடைசியில் அரசாங்கக் கிளினிக். அப்பாவுக்கு வேலை, அம்மாவிடம் கைக்குழந்தை. ஆகவே பேசுவதற்கு நான்.

பஸ்ஸிலேயே உத்தரவு போட்டுவிட்டேன். "அத்தே, நீங்க வாயத் தொறக்காதீங்க. ஒங்க மலாயக் கேட்டா டாக்டரு சிரிப்பாங்க. நானே பேசிக்கிறேன்."

அத்தை தலையாட்டினார்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். அத்தையைப் பார்த்து அவர் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். தூக்கம் வராததற்கு என்ன காரணம் என்று அத்தைக்கே தோன்றுகிறது என்று கேட்டபோதுதான் அத்தை வாயைத் திறந்தார், தமிழில், என்னிடம்.

"நாப்பது வருசம் பால் மரம் வெட்டுன கை, சும்மா கெடக்கு. வரியான்னு ஒரு வார்த்த கேக்காம சட்டி பானையோட லோரியில ஏத்திட்டு வந்துட்டான் ஒங்கப்பன். நான் என்னா மேச நாக்காலியா?"

அப்பா மீதான குறையை வெளியாரிடம் எப்படிச் சொல்வது? "டியா சுடா துவா" என்றேன். அவருக்கு வயதாகிவிட்டது.

அவ்வளவு நீளப் பேச்சு மூன்று சொல்லாகச் சுருங்கியதை டாக்டர் கவனித்திருக்க வேண்டும். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியை அத்தைக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அத்தையின் பசார் மலாய் தட்டுத் தடுமாறிக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

அரை மணி நேரம் கழித்து அத்தை முகம் தெளிந்து வந்தார். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. மறுபடி வரவேண்டிய தேதி எழுதிய சீட்டு மட்டும். "அந்த டாக்டருக்கு ஒண்ணுமே தெரியலப்பா" என்று வீட்டில் தீர்ப்பு வழங்கினேன்.

மறுநாள் அத்தை, பழைய கூட்டாளிகளோடு நாற்றுப் பண்ணைக்குக் களை பிடுங்கப் போவதாக அறிவித்தார். அப்பா தாம்தூம் என்று குதித்தார்.

"கேக்கல தம்பி, சொல்றேன்" என்றார் அத்தை.

அந்த வாரமே அவருடைய குறட்டை எங்கள் அறைவரை வந்தது. தூக்கம் போனது எங்களுக்குத்தான்.

டாக்டர் ரகசியமாக ஏதோ மருந்து கொடுத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். அத்தையின் பையைத் துழாவினேன். வெற்றிலையும் சீப்பும்தான் இருந்தன. நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"ஒன்ன வெளிய அனுப்புனாங்கல்ல, அதான்டி மருந்து" என்றார்.

கிண்டல் என்று நினைத்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அது கிண்டல் இல்லை என்று தெரிந்துகொள்ள, நான் வளர்ந்து உளவியல் படித்து, அம்மாவுக்காகப் பதில் சொல்லும் ஒரு மகளை என் ஆலோசனை அறையிலிருந்து வெளியே அனுப்ப வேண்டியிருந்தது.