கிடங்குப் பூனைக்கு எந்நேரமும் பசி

விதைக் கிடங்கில் குமாஸ்தா வேலை என்பது, தின்னக் கூடாத பண்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தின்ன வருகிறவர்களை விரட்டும் வேலை.

நான் அந்த வேலைக்கு வந்தது ரங்கூனிலிருந்து. அங்கே ஒரு மரக் கம்பெனியில் இங்கிலீஷில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். யுத்தம் வந்தது, பாதி தூரம் நடந்து, பாதி தூரம் யார் யாரோ ஏற்றிவிட்ட வண்டியில் உட்கார்ந்து, கடைசியில் மோகனூருக்குப் பக்கத்தில் என் அக்கா வீட்டு வாசலில் ஒரு தகரப் பெட்டியோடு நின்றேன். நாற்பத்தாறு வயதில் அக்கா வீட்டுச் சோறு தொண்டையில் இறங்குவது கொஞ்சம் கஷ்டம். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக் கிடங்கில் வேலை கிடைத்த பிறகுதான் இரண்டாவது தடவை குழம்பு கேட்கும் தைரியம் வந்தது. அந்த வேலை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் கவலை. அந்தக் கவலைக்கு நான்கு காலும் ஒரு வாலும் முளைத்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். வீட்டுக்குள் பூனை வைத்துக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தவுடன் காலைச் சுற்றிக் கேட்கும் அந்தக் குரலுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தவிக்கும் அன்பர்கள் என்னை நம்புவார்கள்.

வேலை உத்தரவு

சுற்றுவட்டாரத்தில் கடலைக்காய் எடுத்ததும், விதைக்கென்று நல்ல காயாகப் பொறுக்கி, ஆளுக்கொரு மூட்டை கட்டி எங்கள் கிடங்கில் வைத்துவிடுவார்கள். ஆடியில் மழை விழுந்ததும் வந்து எடுத்துப்போய் உரித்து விதைப்பார்கள். அதுவரை எலியிடமிருந்து காப்பது என் பொறுப்பு. முதல் மாதத்திலேயே எலி என்னைக் குமாஸ்தாவாக ஏற்கவில்லை என்று தெரிந்துவிட்டது.

சங்கத்துக் காரியதரிசி சம்பளம் வாங்காமல் உழைப்பவர். அதனால் சம்பளம் வாங்குகிறவர்கள் மேல் அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம். கிடங்கில் கூட்டிப் புடைக்கும் பாவாயி ஒருநாள் கூடைக்குள் ஒரு சாம்பல் நிறப் பூனையைப் போட்டு, முறத்தால் மூடிக் கொண்டுவந்தாள். காரியதரிசி அதை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு உத்தரவு போட்டார்: "வெளியில விட்டா நாய் கொன்னுபோடும். உள்ளேயே இருக்கட்டும். ஒரு கொட்டாங்குச்சியில தண்ணி மட்டும் வைங்க. சோறு கீறு யாரும் போடக் கூடாது. பசிச்சாத்தான் வேலை நடக்கும். பூனையானாலும் சரி, ஆளானாலும் சரி." கடைசி வாக்கியத்தின்போது அவர் பூனையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

அவர் போனதும் பாவாயி என் மேஜை மேலிருந்த சாப்பாட்டுப் போசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப உங்களுக்கும் இனித் தண்ணி மட்டுந்தானுங்களா, சாமி?"

போசி மூடியின் ஓசை

நியாயமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் பூனை ஓர் எலியைப் பிடித்துக் கொண்டுவந்து என் மேஜைக்குக் கீழே போட்டது. எனக்கு ஏற்பட்ட நிம்மதியில் ஒரு பெருமூச்சு விட்டு, போசியைத் திறந்தேன். அந்த மூடி எழுப்பிய சின்ன ஓசையோடு அது எலி பிடித்த வரலாறு முடிந்துபோயிற்று. பூனை எலியை அங்கேயே விட்டுவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தது.

கத்தியிருந்தால் விரட்டியிருப்பேன். அது முதலில் கத்தவில்லை. போசியிலிருந்து என் வாய் வரை என் கை போகும் தூரம் முழுக்கப் பார்வையால் கூடவே வந்து, கை காலியாகத் திரும்பும்போது தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டது. ரங்கூனிலிருந்து வந்த வழி நெடுகக் கஞ்சித் தொட்டிகளுக்கு முன்னால் தகரக் குவளையோடு நின்றவன் நான். அந்தப் பார்வை, பார்க்கிறவன் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு உருண்டை தயிர்ச்சோறு போட்டேன். இன்று மட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பூனை வாசற்படியிலேயே காத்திருந்தது. இப்போது வாய் திறந்து கேட்கவும் செய்தது. தமிழில் அதட்டினேன். பிறகு கம்பெனிக் கடிதங்களில் பழகிய இங்கிலீஷில், கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது என்று உரக்கத் தெரிவித்தேன். தன் மூட்டையைப் பார்க்க வந்திருந்த குப்பண்ணன் இதையெல்லாம் கேட்டபடி நின்றார். நாலு ஏக்கர் மானாவாரி பூமியும் நிறையப் பேச்சும் உடையவர். அவர் சொன்னார்: "ஏனுங்க குமாஸ்தா, இங்கிலீசுல சொன்னாப் பசி அடங்கிப் போயிருமுங்களா?"

மூட்டைக்கு மூட்டை உபசாரம்

சந்தைக்கு வருகிற நாளில் எல்லோரும் கிடங்கில் எட்டிப் பார்ப்பார்கள். அவரவர் மூட்டையின் வாயில் அவரவர் அடையாளத் துணி கட்டியிருக்கும். முடிச்சை அவிழ்த்து, ஒரு காயை எடுத்து, காதோரம் ஆட்டிக் கேட்பார்கள். உள்ளே பருப்பு கலகலவென்று சொன்னால் சரி. மறுபடி கட்டிவிட்டுப் போவார்கள். ஊருக்குப் போன பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் முகத்தில் இருக்கும் திருப்தி அப்போது அவர்கள் முகத்தில் இருக்கும்.

பூனை வந்த பிறகு இந்தச் சடங்கில் ஒன்று கூடிற்று. குப்பண்ணன் தன் மூட்டைக்குப் பின்னால் குனிந்து நிமிர்ந்ததைப் பார்த்தேன். போய்ப் பார்த்தால், மூட்டையின் அடியில் ஒரு கை கம்பஞ்சோறு, மேலே மோர். பூனை சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அடுத்த மூட்டையடியில் களி. அதற்கடுத்ததில் ஒரு கருவாட்டுத் தலை. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், தன் மூட்டைக்கு முன்னால்தான் பூனை படுத்துக்கொள்ள வேண்டும் என்று போட்ட படையல். எனக்கு முன்னால் படுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் போட்ட தயிர்ச்சோறு இதில் சேராது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

காரியதரிசி உத்தரவை ஞாபகப்படுத்தினேன். குப்பண்ணனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது: "நம்ம வெதையக் காக்கற சீவனைப் பட்டினி போட்டுப்புட்டு, அந்த வெதைய எந்த மொகத்தோட மண்ணுல போடறதுங்க?"

எலி வந்த வழி

ஒரு பகல் வேளையில், பாவாயியும் நானும் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் எலி சுவரோரமாக வந்தது. ஓடி வரவில்லை, நடந்து வந்தது. பூனை தலையைத் தூக்கிப் பார்த்தது. எலி குப்பண்ணன் மூட்டையடியில் மிச்சமிருந்த கம்பஞ்சோற்றில் வாயை வைத்தது. பூனை எழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூனை நேராக என்னிடம் வந்து, முழங்காலில் முகத்தைத் தேய்த்து, தன் சோற்றை வேறு யாரோ தின்கிறார்கள், உடனே இன்னொரு பங்கு வேண்டும் என்று நீளமாக ஒரு முறையீடு செய்தது.

பாவாயி விளக்குமாற்றோடு எலியை விரட்டிவிட்டு, மூச்சு வாங்க வந்து சொன்னாள்: "அதுவும் சந்தைக்கு வந்து விருந்துக்கு நின்ன ஒறம்பரைன்னு நெனைச்சுப்போட்டுதாட்ட இருக்குதுங்க."

இரு மொழி அறிவிப்பு

எழுதத் தெரிந்தவனுக்கு ஆபத்து வந்தால் அவன் எழுதுவான். "பூனைக்கு எவரும் உணவு இடக் கூடாது" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன். இங்கிலீஷைப் படிக்கக் கூடியவர் காரியதரிசி ஒருவர்தான். அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் வருவதற்கு முன்பே தன் சாவியால் திறந்து, கிடங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பூனை என்னைத் தேடி வாசலுக்கு வருவதில்லை. அவரைக் கண்டால் அதற்கும் பயம் போலிருக்கிறது என்று எண்ணி, அதன் மேல் ஒரு சக ஊழியனின் இரக்கம் கொண்டேன்.

தமிழ் அறிவிப்பு மட்டும் நன்றாக வேலை செய்தது. அடுத்த சந்தை நாளில் தூரத்து ஊரிலிருந்து வந்த ஒருவர் அதை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். பிறகு மிகவும் மரியாதையாக என்னிடம் சொன்னார்: "பூனை இருக்கறதே எனக்கு இப்பத்தானுங்க தெரியுது. சித்த இருங்க, வண்டியில தயிர்ச்சோறு இருக்குது, எடுத்துக்கிட்டு வாரேன்."

குப்பண்ணன் மூட்டை

ஆடி பிறக்கப் பத்து நாள் இருந்தது. காரியதரிசி வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில், நான் இருக்கும்போதே வந்து, மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தச் சொன்னார். குப்பண்ணன் மூட்டையை நகர்த்தியதும் அது இளைத்துப் போயிருப்பது கையிலேயே தெரிந்தது. பின்பக்க அடியில் ஒரு கை நுழையும் ஓட்டை. தரையெல்லாம் கடலைத் தோல். பாதிக்கு மேல் போய்விட்டது. மற்ற மூட்டைகளில் அங்கங்கே ஓரிரண்டு பல் குறிகள்தான். எந்த மூட்டையடியில் சோறு அதிகம் விழுந்ததோ அந்த மூட்டைக்குத்தான் எலியும் அதிகம் வந்திருக்கிறது. சோறு தீர்ந்த நேரத்தில் அது சும்மா இருக்குமா?

காரியதரிசி கத்தவில்லை. "வர சந்தைக்கு எல்லாரும் கூடட்டும். பூனை போகுமா, நீங்க போவீங்களா, ரெண்டு பேருமா போவீங்களான்னு அன்னிக்குப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குப்பண்ணனுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். வந்தார். வேறு விதை அவரிடம் இல்லை. அந்த வருஷம் யாரிடமும் கடனாகக் கேட்க முடியாது. அவரவர் பூமிக்கு அளவாகத்தான் வைத்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்து, மிஞ்சிய காய்களை ஒவ்வொன்றாகக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். பூனை போய் அவர் மடியில் தலையை முட்டிச் சோறு கேட்டது. நான் எட்டி உதைக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்: "அதுக்கு என்னங்க தெரியும்? நாந்தான் பழக்கிவிட்டேன்."

படி அளந்த நாள்

சந்தை நாளன்று கிடங்கு நிறைந்துவிட்டது. காரியதரிசி என் நாற்காலியில் உட்கார்ந்து, "பூனைக்குச் சோறு போட்டது யாரு?" என்று கேட்டார். சிலர் கூரையைப் பார்த்தார்கள். சிலர் என் அறிவிப்பை முதன்முறையாகக் கவனமாகப் படித்தார்கள். நான் எழுந்து, "முதல் உருண்டை போட்டது நான்" என்றேன். ராஜினாமாவை எந்த மொழியில் எழுதுவது என்று மனசு அதற்குள் யோசிக்க ஆரம்பித்திருந்தது.

குப்பண்ணன் குறுக்கே வந்தார். "சோறு போட்டதைக் குத்தமுன்னு நான் சொல்ல மாட்டேனுங்க. போட்டவிங்க ஆளுக்கொரு படி கடலைக்காய் எம்மூட்டையில போட்டுருங்க. பேரு சொல்ல வேண்டாம். நான் அக்கட்டால திரும்பி நின்னுக்கறேன்" என்று சொல்லி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பிறகு ஒருவர் தன் மூட்டையின் முடிச்சை அவிழ்க்கும் சத்தம். படியில் காய் விழும் சத்தம். அடுத்தவர். அதற்கடுத்தவர். தூரத்து ஊர்க்காரர் தயிர்ச்சோறு ஒரே தடவைதான் போட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்துக்கொண்டே அளந்தார். பாவாயி தனக்கென்று பொறுக்கி வைத்திருந்த உதிரிக் காயில் ஒரு படி கொண்டுவந்து கொட்டினாள். அவளும் போட்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

எல்லோரும் அளந்து முடித்தார்கள். மூட்டை இன்னும் கொஞ்சம் குறைவாக நின்றது. காரியதரிசி தொண்டையைச் செருமினார். எழுந்தார். மேல்துண்டைத் தோளில் சரி செய்துகொண்டு, மூலையிலிருந்த தன் சொந்த மூட்டையிடம் போனார். ஒரு படி எடுத்து வந்து போட்டுவிட்டு, யாரும் கேட்காமலே அறிவித்தார்: "வெள்ளிக்கிழமை காலையில மட்டுந்தான். அதுவும் நான் ஊத்துனது பாலு. சோறு இல்லை."

குப்பண்ணன் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "பாலு ஊத்துனவிங்க ரெண்டு படி போடோணுமுங்க."

என் பங்கு

எனக்கு மூட்டை இல்லை, பூமி இல்லை. முதல் உருண்டை போட்டவன் ஒரு காய்கூடப் போடவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆடியில் மழை இறங்கியதும் குப்பண்ணனின் மானாவாரிக் காட்டுக்குப் போய், விதை போட ஓர் ஆளாக நிற்கிறேன் என்றேன். அவர் சிரித்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. உரித்த பருப்பை மடியில் கட்டிக்கொண்டு, அவர் ஓட்டும் ஏருக்குப் பின்னால் சாலில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு பருப்பும் யார் யாருடைய மூட்டையிலிருந்து வந்தது என்று தெரியாது. இத்தனை மாதம் ஒன்றுகூடக் குறையாமல் காக்க வேண்டும் என்று பயந்த கை, விடுவதற்கு மனமில்லாமல் எட்ட எட்டப் போட்டது.

அரைச் சால் போனதும் குப்பண்ணன் மாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்: "பூனைக்கு அள்ளி அள்ளிப் போட்ட கை இதுதானுங்களா சாமி? மண்ணுக்கு மட்டும் என்னத்துக்குங்க இப்பிடிக் கிள்ளிப் போடறீங்க?"

என் வேலை போகவில்லை. அதைப் பற்றிக் காரியதரிசி பேச்செடுக்கவே இல்லை. பூனையும் போகவில்லை; மூட்டைகளுக்குத் தொலைவில், என் மேஜைக்கு அருகே, காலையில் ஒரு வேளை மட்டும், பாவாயி கையால் மட்டும் என்று புது உத்தரவு வந்தது. சாப்பிட்டுவிட்டு அது வழக்கம்போல் என் போசி முன்னால் வந்து பட்டினி கிடப்பதாக உட்காருகிறது.

பசித்த முகத்தை விரட்டத் தெரியாதவனை விதைக்குக் காவல் வைக்கக் கூடாது என்பது வாஸ்தவம்தான், ஆனால் சோறு போடக் கூடாது என்று உத்தரவு போட்ட காரியதரிசி முதற்கொண்டு எங்கள் பக்கத்தில் வேறு மாதிரி ஆள் ஒருவரும் அகப்படவில்லை.